கிழக்கு ஓடை, மாலை நாலு மணி

மார்ச் 3

அன்புள்ள சர்வேயர் அவர்களுக்கு,

வீட்டில் நானும் கடிகாரமும் சௌக்கியம். இரண்டு பேரும் வழக்கம்போல நேரத்துக்கு எழுந்து நேரத்துக்கு வேலையைப் பார்க்கிறோம். நீங்கள் கிளம்பி ஒன்பது நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். முகாமுக்கு வாரம் ஒருமுறை ஜீப் வரும், அரிசியைக் கொடுத்துவிட்டுத் தபாலை வாங்கிக்கொண்டு போகும் என்றீர்கள். ஒரு ஜீப் வந்து போயிருக்க வேண்டுமே? அரிசி இறங்கியது, கடிதம் ஏறவில்லை போலிருக்கிறது.

டிப்போவில் அதே கதைதான். அறுபத்திரண்டு பஸ், அறுபத்திரண்டு டிரிப் ஷீட். எந்த வண்டி எங்கே போகிறது, எத்தனை மணிக்குத் திரும்பும், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எல்லாம் இந்தக் கையால் எழுதியாக வேண்டும். நேற்று ஒரு கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏம்மா, ஊர் வண்டியெல்லாம் எங்க போகுது எப்ப வருதுன்னு எழுதறீங்க. சார் எங்க போயிருக்காரு, எப்ப வருவாரு?" என்று கேட்டார். "காட்டுக்குப் போயிருக்காரு, எல்லைக்கல் நட. முடிஞ்சா வருவாரு" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

என்ன செய்வது, எங்கள் அம்மாவின் வளர்ப்பு அப்படி. வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பாள். வாய் தவறிக் கேட்டால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழும். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில், நீங்கள் செருப்பு மாட்டும்போது "போயிட்டு வாங்க" என்பதைத் தவிர நான் வேறு ஏதாவது சொன்னதுண்டா?

பையை அடுக்கியவள் நான் என்பதால் ஞாபகப்படுத்துகிறேன். பையின் மேல் அறையில் விசில் இருக்கிறது. கண்டக்டர் விசில், காது கிழியும். தீக்குச்சிகளின் தலையை மெழுகில் தோய்த்து வைத்திருக்கிறேன், நனைந்தாலும் பற்றும். மழைத்தாள், கயிறு, சிவப்புத் துணி, பிஸ்கட், பேரீச்சம்பழம், கட்டுத்துணி எல்லாம் உண்டு. மலை ரூட் டிரைவர்களுக்கு டிப்போவில் வகுப்பு எடுத்தார்களே, அந்தப் பட்டியல்தான். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பையைக் கலைக்காதீர்கள். அடியில் இருப்பது அடியிலேயே இருக்கட்டும், நனையாது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 12

அன்புள்ள டைம்கீப்பர் அம்மாளுக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பு. என் டிரிப் ஷீட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொள்.

இங்கே தகரக் கொட்டகை ஒன்று, கூடாரங்கள் நாலு. பெரிய சர்வேயர் ஒருவர், நான், அளவுச் சங்கிலி பிடிக்க மூன்று பேர், ஒரு சமையல்காரர். சமையல்காரர் பேச ஆரம்பித்தால் சோறு குழைந்துவிடும், ஆனாலும் நிறுத்தமாட்டார். என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், குடும்பத்தையே உள்ள வெச்சு எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்றார். உன் மழைத்தாளும் சிவப்புத் துணியும் இப்போது என் கூடாரத்துக்குத் திரையாகத் தொங்குகின்றன. கோபித்துக்கொள்ளாதே. பிஸ்கட்டைச் சங்கிலிக்காரர்கள் இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். அப்புறம் ஜீப்பில் புதிது வந்தது.

உனக்குப் பிடிக்கிற ஒரு விஷயம் சொல்கிறேன். கொட்டகை வாசலில் ஒரு நோட்டு கட்டித் தொங்குகிறது. யார் முகாமை விட்டு வெளியே போனாலும் அதில் பெயர், போகிற திசை, திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பாவிட்டால் அந்த நோட்டைப் பார்த்துத்தான் தேடப் போவார்கள். பெரிய சர்வேயர் எல்லாவற்றிலும் விட்டுக்கொடுப்பார், நோட்டில் மட்டும் மாட்டார். பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. வீட்டை விட்டுக் காட்டுக்கு வந்தாலும் உன் டிப்போ என்னை விடவில்லை பார்.

கிழக்கே ஒரு ஓடை. மேற்கே சரிவு, ஏறினால் மலை முகடு. முகட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ரோடு இருக்கிறதாம், கண்ணால் பார்த்தவர் இங்கே யாருமில்லை. கல் நடுகிற நேரம் போக மீதி நேரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடந்துகொண்டே இருக்கிறேன். "சார், காலுக்குக் கீழ நெருப்பா இருக்கு?" என்று கேலி செய்கிறார் சமையல்காரர். இருக்கிறதோ என்னவோ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
ஊர்சுற்றி


மார்ச் 20

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் சிரித்தேன், மூன்றாம் தரம் படித்தபோது சிரிப்பு வரவில்லை. அத்தனையும் வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. குழாய் ஒழுகுவது நின்றதா என்றாவது கேட்டிருக்கலாம். நின்றுவிட்டது, நானே வாஷர் மாற்றினேன்.

மழைத்தாளைத் திரையாகக் கட்டிய மகாராஜாவுக்கு என்ன சொல்வது! வகுப்பில் சொன்னதை எழுதுகிறேன், கேலி செய்யாமல் படியுங்கள். வழி தவறினால் நடக்காதே. வண்டி நின்றால் வண்டியை விட்டு நகராதே, தேடுகிறவன் உன்னிடம் வரட்டும். விசிலை மும்மூன்று தடவையாக ஊது. நெருப்பு மூட்டினால் மேலே பச்சை இலையைப் போடு, புகை எழும்பும். காய்ந்த காகிதமோ துணியோ கொஞ்சம் எப்போதும் கையில் வைத்திரு, ஈர விறகு அது இல்லாமல் பற்றாது. இவ்வளவுதான். இதைப் படிக்க ஒரு நிமிஷம் ஆகுமா?

பக்கத்து வீட்டில் நேற்று மறுபடி சண்டை. சாயங்காலம் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு போகிறார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுல சத்தமே கேக்காதுக்கா, குடுத்து வெச்சவங்க" என்கிறாள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம். போன இடத்தில் காரியம் நல்லபடி நடக்கட்டும்.

லீவு எப்போது என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


மார்ச் 31

உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை எங்கே போடுவது என்று தெரியவில்லை. முகாமுக்கே போடுகிறேன். திரும்பி வந்து நீங்களே பிரிக்க வேண்டும்.

நேற்றுப் பகல் டிப்போவுக்குப் போன் வந்தது. பெரிய சர்வேயர் பக்கத்து ஊருக்கு இறங்கி வந்து பேசினார். இருபத்தொன்பதாம் தேதி காலை நீங்கள் தனியாகக் கிளம்பினீர்களாம். நோட்டில் "கிழக்கு ஓடை, மாலை நாலு மணி" என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறதாம். நாலு மணிக்கு வரவில்லை. ஆறுக்கும் வரவில்லை. ஓடையின் இரண்டு கரையிலும் தேடுகிறார்களாம். "தைரியமா இருங்கம்மா, திசை தெரியும், அதனால கண்டுபிடிச்சிருவோம்" என்றார். இன்று காலை மறுபடி போன். தேடப்போன சமையல்காரர் ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாராம். உங்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

நான் வருகிறேன் என்றேன். "வந்தா உங்களையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்மா, இருக்கிற இடத்துல இருங்க" என்றார். என் பாடத்தை எனக்கே படிக்கிறார்கள்.

இருக்கத்தான் முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன், பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. டிப்போவில் மூன்று பஸ்ஸின் நேரத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பயமாக இருக்கிறது.

இங்கே மழை தூறுகிறது. அங்கேயுமா? மழைத்தாளைத் திரையாகத் தொங்கவிட்டுவிட்டுத்தான் போனீர்களா? தீக்குச்சி இருக்கிறதா? விசிலாவது?

ஐயோ, நடக்காதீர்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள். உங்களால் அது முடியாது என்று தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் எனக்காக நில்லுங்கள்.

நான்


ஏப்ரல் 8

என் அன்புக்குரியவளுக்கு,

உயிரோடு இருக்கிறேன் என்று போனில் தெரிந்துகொண்டிருப்பாய். இரண்டாம் தேதி மதியம் கண்டுபிடித்தார்கள். முழங்கால் வீங்கியிருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது, மற்றபடி சேதாரம் இல்லை. ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நடுகிறவன் தன் எல்லை தெரியாமல் நின்றான் என்று முகாமில் ஒரே சிரிப்பு. நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன்.

நடந்தது இதுதான். கிழக்கு ஓடையோரமாகப் போனேனா, பனிமூட்டம் இறங்கிவிட்டது. கை நீட்டினால் விரல் தெரியவில்லை. திசை தப்பி எங்கெங்கோ சுற்றி எப்படியோ மேற்குச் சரிவில் போய் மாட்டிக்கொண்டேன். முதல் நாள் முழுக்க நடந்தேன், நீ திட்டுவாய். சாயங்காலம் காலடியில் ஒரு பிஸ்கட் தாள் கிடந்தது. ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று குதித்தேன். குனிந்து எடுத்தால் காலையில் நானே தின்றுவிட்டுப் போட்ட தாள். செக்குமாடு மாதிரிச் சுற்றியிருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்தேன். அப்புறம்தான் உன் பாடம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டேன். இரண்டு நாள் மழை. பேரீச்சம்பழத்தை எண்ணி எண்ணித் தின்றேன். விசிலை மும்மூன்றாக ஊதினேன், ஒரு குருவி மட்டும் பதில் சொன்னது.

ஐந்தாம் நாள் வெயில் வந்தது. உன் மெழுகுக் குச்சிதான் பற்றியது. கையில் பழைய காகிதம் கொஞ்சம் இருந்தது, அதை வைத்து மூட்டிப் பச்சை இலையைப் போட்டேன். எல்லோரும் கிழக்கே தேடப் போயிருந்தார்கள். கால் உடைந்த சமையல்காரர்தான் கொட்டகையில் மேற்கு வாசலைப் பார்க்கப் படுத்திருந்தாராம். புகையைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துத் தகரத்தில் அடி அடியென்று அடித்து ஆளைக் கூட்டினாராம். அவர் கால் உடையாமல் இருந்திருந்தால் மேற்கே பார்க்க ஆளில்லை. விதியைப் பார்த்தாயா?

கால் சரியாகி அவர் எழுந்து நடக்க ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். நல்ல மனுஷர். உன் கையால் தனக்கு ஒரு கடிதம் வேண்டும் என்கிறார்.

கவலைப்படாதே. எல்லாம் முடிந்துபோயிற்று.

இப்படிக்கு,
செக்குமாடு


ஏப்ரல் 13

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் பிழைத்தது என் பாக்கியம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிடைத்துவிட்டதாகப் போன் வந்த அன்று டிப்போவில் எல்லோர் முன்னிலும் அழுதேன். டிரைவர்கள் சுற்றி நின்று, தேநீர் வாங்கிக் கொடுத்து, என் வேலையையும் அவர்களே பார்த்தார்கள்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாம் தடவை டைம்கீப்பராகப் படித்தேன்.

எங்கள் டிப்போவில் ஒரு டிரைவர் இருந்தார். டிரிப் ஷீட்டில் ஒழுங்காக ரூட் எழுதுவார். ஆனால் மீட்டர் எட்டுக் கிலோமீட்டர் கூடக் காட்டும். கேட்டால் டைவர்ஷன் என்பார், ரோட்டில் மரம் விழுந்தது என்பார். அப்படி அவர் நீட்டி நீட்டிக் கதை சொன்னதில்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. நிஜமாக மரம் விழுந்தவன் "மரம் விழுந்திருச்சு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவான்.

முகாமுக்குக் கிழக்கே ஓடை. மேற்கே சரிவு. நடுவில் முகாம். நீங்கள் எழுதியதுதான் இது, நான் கற்பனை செய்யவில்லை. கிழக்கே போன ஆள் மேற்கே போய் மாட்ட வேண்டுமானால் முகாம் இருக்கிற வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பனியாம். விரல் தெரியவில்லையாம். போகிற வழியில் சமையல்காரரிடம் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டே போயிருக்கலாமே!

இன்னொன்று. ஈர மலையில் மழையில் இரண்டு நாள் கிடந்த மனுஷர் கையில் பற்றுகிற மாதிரிக் காய்ந்த காகிதம் எங்கிருந்து வந்தது? அது என்ன காகிதம்?

அம்மா இருந்தால் இப்போது என் தலையில் குட்டுவாள். குட்டட்டும். பதினோரு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்கிறேன்.

எங்கே போனீங்க?

உங்கள் மனைவி


ஏப்ரல் 21

உனக்கு,

எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கேலிப் பெயர் எதுவும் வரவில்லை.

மேற்கேதான் போனேன். வேண்டுமென்றுதான் போனேன். முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் பஸ் பிடித்துப் போய்விடலாம் என்று போனேன். என் பழைய கூட்டாளி ஒருவன் துறைமுகத்தில் அளவு வேலை இருக்கிறது, சர்டிபிகேட்டோடு வா என்று சொல்லியிருந்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன். முகாம் வேலை ஒரு சாக்கு. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல தைரியம் இல்லை. போய்ச் சேர்ந்து ஒரு கடிதம் போடுவதாக இருந்தேன். நோட்டில் கிழக்கு என்று எழுதியது, யாரும் பின்னால் வந்து கூப்பிடக் கூடாது என்று. பனி மட்டும் நிஜம், மேற்குச் சரிவில் ஏறும்போது இறங்கிவிட்டது.

ஏன் என்று கேட்பாய். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இருந்தால் சண்டை போட்டிருப்பேனே. நம் வீட்டில் எல்லாம் நேரத்துக்கு நடக்கும், யாரும் யாரையும் ஒன்றும் கேட்கமாட்டோம். பக்கத்து வீட்டில் தட்டு பறக்கும், அப்புறம் சிரிப்புக் கேட்கும். நமக்கு இரண்டும் இல்லை. எத்தனையோ நாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வேண்டுமென்றே நின்றிருக்கிறேன், எங்கே போறீங்க என்று நீ ஒரு வார்த்தை கேட்பாயா என்று. நீ "போயிட்டு வாங்க" என்பாய். போனாலும் ஒன்றுதான், வந்தாலும் ஒன்றுதான் இவளுக்கு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உன் அம்மா சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் குச்சி இருந்தது, விறகு எல்லாம் ஈரம். சட்டை ஈரம். கைக்குட்டை ஈரம். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அடியில் இருந்த என் சர்டிபிகேட் கவர் வந்து விழுந்தது. பீரோவிலிருந்து எடுத்து நான்தான் ரகசியமாக அடியில் செருகினேன், வெறும் காகிதக் கவரில். கையில் எடுத்தால் அது பிளாஸ்டிக்கில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. மேலும் கீழும் ரப்பர் பேண்ட். மடிப்பு ஓரம் மெழுகால் ஒட்டியிருந்தது. தீக்குச்சித் தலையில் இருந்த அதே மெழுகு.

வீட்டில் மெழுகை உருக்குவது யார்? நான் போகப்போகிறேன் என்று தெரிந்துகொண்டே நீ பையை அடுக்கியிருக்கிறாய். போகிறவன் காகிதம் நனையக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஒட்டியிருக்கிறாய். அந்தப் பாறையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன். அப்புறம் பள்ளிச் சான்றிதழ், சர்வே டிப்ளமோ, அனுபவச் சான்று, ஒவ்வொன்றாகக் கிழித்துப் பற்றவைத்தேன். டிப்ளமோ கெட்டிக் காகிதம், நன்றாக எரிந்தது.

சமையல்காரரிடம் நேற்றுத்தான் உண்மையைச் சொன்னேன். வாயே மூடாத மனுஷர் தன் கால்கட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப என் காலை உடைச்சது ஓடை இல்ல சார். உங்க நோட்டு" என்றார். பெரிய சர்வேயரிடமும் சொல்லிவிட்டேன். மெமோ கொடுத்திருக்கிறார். நோட்டில் என் வரியை அடித்துவிட்டு, கீழே "மேற்கு, திரும்பும் எண்ணம் இல்லை" என்று எழுதச் சொன்னார். எல்லோரும் பார்க்க எழுதினேன்.

உன்னிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. தெரிந்தும் நீ ஏன் கேட்கவில்லை?

உன் வீட்டு வாசலுக்கு வர எனக்கு யோக்கியதை இருக்கிறதா, தெரியவில்லை. போக வேறு காகிதமும் இல்லை.

நான்தான்


ஏப்ரல் 29

உங்களுக்கு,

எனக்குக் கோபம். இதை அழகாக எழுத முடியாது, அதனால் இப்படியே எழுதுகிறேன். பதினோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறப் பார்த்தீர்கள். உங்களால் ஒரு மனுஷர் காலை உடைத்துக்கொண்டு கிடக்கிறார். அந்தச் சமையல்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் எழுந்து நடக்கிறவரைக்கும் அங்கே அடுப்பு உங்கள் பொறுப்பு. நீங்கள் வைக்கிற குழம்பைச் சாப்பிடுவதும் அவருக்கு ஒரு தண்டனைதான், என்ன செய்வது.

கேட்டீர்களே, ஏன் கேட்கவில்லை என்று. பையை அடுக்கும்போது கவர் கையில் தட்டுப்பட்டது. கல் நட டிப்ளமோ எதற்கு? அரை மணி நேரம் கட்டிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கூடத்தில் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தீர்கள். எழுந்து வந்து கேட்டிருக்கலாம். எட்டு அடி தூரம். சாஸ்திரம், அம்மா, குட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய். மீதி பயம். கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்ற பயம். கேட்காத வரைக்கும் நீங்கள் காட்டுக்குத்தான் போகிறீர்கள், அதனால் கேட்கவில்லை. போகிற ஆள் எங்கே போனாலும் பிழைக்கட்டும் என்று மெழுகை உருக்கினேன். அது ஒன்றுதான் என் கைக்கு வந்தது.

அதனால் தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. ஆனால் நோட்டில் பொய் எழுதியது நீங்கள் மட்டும்தான், அதில் எனக்குப் பங்கு வேண்டாம்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, போக வேறு காகிதமும் இல்லை என்று. அதைப் படித்ததும்தான் எனக்கு இன்னும் எரிந்தது. காகிதம் எரிந்துபோனதால் வீட்டுக்கு வருகிற ஆள் எனக்கு வேண்டாம்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். எரிந்த சான்றிதழ்களுக்கு நகல் வாங்குகிற விண்ணப்பம். பள்ளியிலும் சர்வே கல்லூரியிலும் இரண்டு நாள் லீவு போட்டு விசாரித்து, உங்கள் பதிவு எண், வருஷம் எல்லாம் தேடி நானே நிரப்பிவிட்டேன். கையெழுத்து நீங்கள் போட வேண்டும். நகலை அனுப்ப வேண்டிய முகவரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். துறைமுகம் என்றால் துறைமுகத்தை எழுதுங்கள். நகல் அங்கேயே வரும், நான் தடுக்கமாட்டேன். மலை ஏறி முட்டி உடைய வேண்டாம், டிப்போவுக்கு வந்தால் நானே நல்ல பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

நம் வீட்டு முகவரியை எழுதுவதானால் ஒன்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். இனிமேல் நான் கேட்பேன். நீங்கள் ஒரு செருப்பை மாட்டும்போதே கேட்பேன். தினமும் கேட்பேன். உங்களுக்கு அலுக்கும், சண்டை வரும், பக்கத்து வீட்டு அம்மாளுக்கு நம் சத்தம் கேட்கும். அது தாங்கும் என்றால் எழுதுங்கள்.

எங்கே போறீங்க?

உங்கள் பதிலைப் பொறுத்த,
நான்


மே 14

அன்புள்ள டைம்கீப்பருக்கு,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். நம் கதவு எண்ணில் எனக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது, பதினோரு வருஷம் இருந்த வீடு. உன் பழைய கடிதத்து உறையின் பின்பக்கம் பார்த்து எழுதினேன். சரிபார்த்துவிட்டு நீயே தபாலில் சேர்.

என் கால் ஒரே இடத்தில் நிற்குமா என்று எனக்கே தெரியாது. நிற்கும் என்று சத்தியம் செய்தால் அதுவும் ஒரு பொய் வரியாகிவிடும். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். அதைச் சத்தியமாக எழுதலாம்.

சமையல்காரரின் கால்கட்டைப் பிரித்துவிட்டார்கள். என் குழம்புக்குப் பயந்தே கால் சீக்கிரம் கூடிவிட்டது என்கிறார். இன்று நாலு அடி நடந்தார். என்னிடம் பழையபடி பேசுகிறார், ஆனால் "சார்" போடுவதில்லை. அது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

கொட்டகை நோட்டில் எழுதியதை அப்படியே உனக்கும் எழுதுகிறேன். மே 24, சனிக்கிழமை. காலை ஆறரைக்கு ஜீப்பில் கிழக்கு ரோடு வழியாக அடிவாரம். அங்கிருந்து எட்டு ஐம்பது பஸ், பாலத்தடி நிறுத்தத்தில் மாற வேண்டும். பன்னிரண்டு பத்துக்கு அடுத்த பஸ், அது உங்கள் டிப்போ வண்டிதான், நம்பர் இருபத்தேழு. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஜன்னல் சீட்டில் இருப்பேன். டிப்போ வாசலில் நாலு நாற்பதுக்கு இறங்குவேன். அங்கிருந்து உன்னோடு நடந்து வீடு.

ஐந்தாகியும் வரவில்லை என்றால் பஸ் லேட். வேறு காரணம் இல்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்